பல்லை எண்ணிப் பார்த்துட்டு மிதிங்க!

ஆடி மாசம் மேல்காத்தை எதிர்த்து சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுத்த வைக்கிற அதே காத்துதான். கேரியரில் தண்ணீர்க் குடமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். "சைக்கிள் வெயிட்டு" என்று இறங்கி உருட்டுவோம். உண்மையில் வெயிட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? பல்லில்!

பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின் சக்கர ஃபிரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 44 ÷ 18 = 2.44. அதாவது பெடல் ஒரு சுத்து சுத்தினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுத்து சுத்தும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 7 அடி. ஒரு மிதிக்கு 17 அடி போகும்.

பின்னால் 22 பல் போட்டால்? 44 ÷ 22 = 2. ஒரு மிதிக்கு 14 அடிதான். ஆனால் காலுக்குக் கொடுக்கும் அழுத்தம் 100 இருந்த இடத்தில் 82 போதும். வேலை = விசை × தூரம் என்று படித்தோமே, அதேதான். விசை குறைந்தால் அதிகத் தடவை மிதிக்கணும். சும்மா எதுவும் கிடைக்காது!

சுமையோடு நாடு நாடாகச் சுற்றுகிறவர்களின் சைக்கிளில் முன்னால் 2, 3 பல்சக்கரமும், பின்னால் 8, 9 பல்சக்கரமும் இருக்கும். மலை ஏறும்போது முன்னால் 26, பின்னால் 34 என்று மாற்றினால், ஒரு மிதிக்குச் சக்கரம் முக்கால் சுத்துதான். மெதுவாகப் போனாலும் இறங்க வேண்டாம். பிரான்சு நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயமான 'டூர் டி பிரான்சில்' செயினை இப்படி மாற்றும் கியருக்கு 1937-ல்தான் அனுமதி கொடுத்தார்கள். அதுவரை வீரர்களுக்கும் கஷ்டம்தான்!

பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் ஒரே கியர்தான். அதனால் பல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். எப்படி?

1. ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, முன்னும் பின்னும் எண்ணுங்க.

2. உங்க பாதையில் ரொம்பக் கஷ்டமான இடத்தைச் சுமையோடு மிதிச்சுப் பாருங்க. இறங்க வேண்டி வந்தால், பின்னால் 20 அல்லது 22 பல் ஃபிரீவீல் கிடைக்குமா என்று சைக்கிள் கடையில் கேளுங்க. செயினில் கண்ணி சேர்க்க வேண்டி வரலாம்.

3. சமதரையில் கால் சும்மா வேகமாச் சுத்தினால், உங்களுக்கு 18-ஏ போதும்.

ஆனால் மழையில் கரிசல் மண் டயரில் அப்பிக்கிட்டால் எந்தப் பல்லும் உதவாது. குச்சியை எடுத்துத் தோண்ட வேண்டியதுதான்!

அண்ணன் வேகமாப் போற சைக்கிள் நமக்குச் சரியா இருக்கணும்னு அவசியம் இல்லை. மிதிக்க முடியலைன்னு சைக்கிளை மூலையில் சாத்திடாதீங்க தோழிகளே. முதல்ல பல்லை எண்ணுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி