செல்லப்பிராணியின் பல்லை உணவு காக்குமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வளரும் பொமரேனியன் நாய்களும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் திரியும் பூனைகளும் பெரும்பாலும் நம் அடுப்பில் வெந்ததையே தின்கின்றன. மீன் பிசைந்த சோறு, மத்தியானம் மிஞ்சிய இறைச்சி, பின்னேரம் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட். எல்லாமே அன்போடு கொடுப்பவைதான். ஆனால் நாலைந்து வயதானதும் அந்த நாய் முகத்தருகே வந்தால் வாய் நாறுகிறது. நாயென்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. அந்த நாற்றம் பெரும்பாலும் ஈறுநோயின் அறிகுறி.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. கவ்வவும் கிழிக்கவும் வெட்டவும் அமைந்த வாய் அது. நம்மைப்போலத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அவற்றால் முடியாது. ஆகவே குழைந்த சோற்றை மெல்லாமலே விழுங்கிவிடும். பல்லின் மேல் எதுவும் உரசுவதில்லை.

பல்லில் அழுக்கு எப்படிச் சேர்கிறது? துலக்கிய பல்லின்மேல் முதலில் உமிழ்நீரின் புரதங்கள் மெல்லிய படலமாக ஒட்டும். சில மணி நேரத்துக்குள் பற்றீரியாக்கள் அதில் குடியேறும். துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் உமிழ்நீரிலுள்ள கல்சிய உப்புகள் அந்தப் படலத்தை இறுக்கிக் கல்லாக்கும். அதுதான் பற்காரை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலில் வெள்ளைப் பொருக்குப் படிவதைப் போன்றதுதான் இது. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்களுக்குச் சொத்தைப்பல் அரிது, காரையோ விரைவாகப் படியும். கன்னத்துப் பக்கமாக மேல்தாடையில் இருக்கும் பெரிய வெட்டும்பல்லின் அருகே ஓர் உமிழ்நீர் நாளம் திறக்கிறது. காரை அதிகமாகத் தெரிவதும் அந்தப் பல்லில்தான்.

1965இல் சுவீடன் ஆய்வாளர் யான் எகெல்பெர்க் நாய்களில் ஒரு சோதனை செய்தார். உணவை வாய்வழியே கொடுக்காமல் குழாய் மூலம் நேரே இரைப்பைக்குள் செலுத்தினார். அப்போதும் பற்களில் படலம் படிந்தது. பல்லிடுக்கில் சிக்கிய சோற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பது அதிலிருந்து தெரிந்தது. பற்றீரியாக்கள் வாழ உமிழ்நீரே போதும். உணவு பல்லை உரசுகிறதா என்பதே கேள்வி.

அப்படியானால் கடையில் விற்கும் மொறுமொறுப்பான உலர் உணவு போதுமா? சாதாரண வகையில் பயன் குறைவு. பல்லின் நுனி பட்டதுமே அது நொறுங்கிவிடும். நோய் தொடங்கும் ஈறோரம்வரை அது போய்ச் சேர்வதில்லை. பல் நலத்துக்கென்றே செய்யும் உலர் உணவு வேறு விதம். துண்டுகள் பெரியவை, உள்ளே நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். பல் ஆழ இறங்கிய பிறகே துண்டு உடையும். அதற்குள் நார்கள் பல்லின் பக்கங்களைத் துடைத்துவிடும். சில வகைகளில் பொலிபொஸ்பேற்று சேர்க்கிறார்கள். அது உமிழ்நீரின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் படலம் கல்லாவது தாமதமாகும். ஆனால் படலத்தை அது அகற்றாது.

1997இல் அமெரிக்காவில் தொடங்கிய வெட்டனரி ஓரல் ஹெல்த் கவுன்சில் இத்தகைய பொருள்களின் சோதனை முடிவுகளை ஆராய்ந்து முத்திரை வழங்குகிறது. படலத்தைக் குறைக்கிறதா, காரையைக் குறைக்கிறதா என்று தனித்தனியே பார்க்கிறது. இறக்குமதிப் பொதி வாங்குவோர் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எலும்பு கொடுத்தால் பல் சுத்தமாகும் என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. பிரேசிலில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்தபோது காரை வெகுவாகக் குறைந்ததாக 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மறுபாதியையும் பார்க்க வேண்டும். வேட்டையாடி எலும்போடு தின்னும் ஆபிரிக்கக் காட்டு நாய்களின் 29 மண்டையோடுகளை ஆராய்ந்து 1999இல் வெளியான கட்டுரையில், ஏறக்குறைய பாதியில் உடைந்த பற்கள் இருந்தன. ஐந்தில் இரண்டில் ஈறுநோயின் தடயம் இருந்தது. அவித்த எலும்பு இன்னும் ஆபத்தானது. கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். கடிக்க எதைக் கொடுத்தாலும் முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிறு பள்ளம்கூட விழாவிட்டால் அது பல்லை உடைக்கும்.

2022இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதி உணவு எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாவதில்லை. வீட்டுச் சோற்றை விட்டுவிட வேண்டியதில்லை, திருத்திக்கொண்டால் போதும். முள் நீக்கிய மீனும் சோறும் மட்டுமே தின்று வளரும் குட்டிக்குக் கல்சியம் போதாது. உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கும்; தாடை எலும்பு மெலிந்து பற்கள் ஆடும். எவ்வளவு கல்சியம் சேர்ப்பது என்பதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த குழம்பு நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. ஆகவே மீனைத் தனியே அவித்துக் கொடுங்கள். பல்லில் ஒட்டும் இனிப்புப் பிஸ்கட்டை நிறுத்துங்கள்.

எந்த உணவும் பிறஷுக்கு ஈடாகாது. படலம் கல்லாக இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்பதால் தினமும் துலக்கினால் காரைக்கு இடமிருக்காது. மிருகங்களுக்கான பற்பசையையே பயன்படுத்த வேண்டும். நம் பற்பசைகள் சிலவற்றிலுள்ள சைலிற்றோல் நாயின் உயிரையே பறிக்கக்கூடியது. பற்பசை கிடைக்காவிட்டால் விரலில் சுற்றிய ஈரத்துணியே போதும். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனெனில் சின்னத் தாடையில் பற்கள் நெருங்கியிருப்பதால் நோய் விரைவில் பிடிக்கும். ஈறு சிவந்திருக்கும் நிலையில் கவனித்தால் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் அது திரும்பாது. இறுகிவிட்ட காரையை, மயக்கமருந்து கொடுத்து ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்யும் மிருக வைத்தியரே அகற்ற வேண்டும்.

பல் வலித்தாலும் நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட வரும், பூனை மீனுக்குக் காலைச் சுற்றும். வலிக்கிறது என்று அவற்றுக்குச் சொல்லத் தெரியாது. வாரம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு சிவந்திருந்தாலோ பல் மஞ்சளாகக் கல் கட்டியிருந்தாலோ உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.