திரைக்குள் நியூட்டனின் விதிகள்

நான்கு சிறு சக்கரங்கள் பொருத்திய பலகைமீது நின்றபடி இளைஞன் ஒருவன் உருண்டு வருகிறான். எதிரே ஒரு மரப்பெட்டி. சட்டென்று பலகையோடு எழும்பி அதைத் தாண்டிவிடுகிறான். பலகை காலோடு கட்டப்படவில்லை. கையாலும் அவன் அதைப் பிடிக்கவில்லை!

இது நடப்பது நியூ சான் வனெலோனா என்ற கற்பனை நகரில். 2007-இல் வந்த 'ஸ்கேட்' என்ற வீடியோ விளையாட்டின் தொடர்ச்சியாக, 2009-இல் கனடாவின் இஏ பிளாக் பாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஸ்கேட் 2' அது. நகரம் முழுவதும் விருப்பம்போல் சுற்றலாம். பலகையிலிருந்து இறங்கி, பெஞ்சு போன்றவற்றை நகர்த்தித் தாவுவதற்கான தடைகளை நாமே அமைக்கலாம்.

தாவல் எப்படி நிகழ்கிறது? இளைஞன் துள்ளும்போதே பின்காலால் பலகையின் வால்பகுதியை ஓங்கி மிதிக்கிறான். பின்சக்கர அச்சை ஆதாரமாகக் கொண்டு, ஏற்றப் பலகைபோல் முன்பகுதி உயர்கிறது. வால் தரையில் மோதுகிறது. தரையின் எதிர்விசை பலகையை மேலே தள்ளுகிறது. முன்காலைப் பலகைமேல் உரசியபடி முன்னே செலுத்தி, அவன் அதைக் கிடைமட்டமாக்குகிறான். இத்தாவலின் பெயர் 'ஆலி'. விளையாட்டிலோ, விசைக்கருவியின் வலக்குமிழைக் கீழே இழுத்து மேலே சுண்டினால் போதும்.

சரி, எவ்வளவு உயரம் எழும்புவான் என்பது கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? இத்தகைய விளையாட்டுகள் காலத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கணக்கிடுகின்றன. நாமும் செய்து பார்ப்போமா?

தொடக்க வேகம் 3 மீ/வி, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்க. ஒவ்வொரு துண்டும் 1/10 வினாடி. ஒரு துண்டுக்கு வேகம் 1 மீ/வி குறையும்: 2, 1, 0. ஒவ்வொன்றையும் 1/10-ஆல் பெருக்கிக் கூட்டினால் உயரம் 0.30 மீட்டர். ஆனால் உங்கள் பாடநூல் சூத்திரம் தருவது 0.45 மீட்டர்! துண்டை 1/30 வினாடியாகக் குறையுங்கள். 9 படிகளில் 0.40 மீட்டர் கிடைக்கும். துண்டு சிறுக்கச் சிறுக்க, விடை உண்மையை நெருங்குகிறது. நுண்கணிதத்தின் அடிப்படையே இதுதான்.

இனி இறங்குவோம். தரையைத் தொடும்போது வேகம் மீண்டும் 3 மீ/வி. வேகத்தின் வர்க்கத்தை, நிற்பதற்குள் கடக்கும் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். முழங்காலை விறைப்பாக வைத்து 3 செ.மீ. தூரத்தில் நின்றால் அது 150 மீ/வி². புவியீர்ப்பைப்போல் 15 மடங்கு! முழங்காலை மடக்கி 30 செ.மீ. தூரத்தில் நின்றால் 15 மீ/வி² மட்டுமே. எலும்பைக் காப்பது இந்தப் பத்து மடங்கு வேறுபாடுதான்.

விளையாட்டில் விழுந்தால், குறித்து வைத்த இடத்திலிருந்து மறுநொடியே மீண்டும் தொடங்கலாம். உண்மைத் தரையில் அந்த வசதி கிடையாது. ஆகவே மெய்யான பலகையில் ஏறுவோர் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிவது கட்டாயம்.

இப்போது காகிதமும் பென்சிலும் எடுங்கள். துண்டு 1/100 வினாடியானால் உயரம் எவ்வளவு? மொத்தம் 30 படிகள்தாம். கணக்கிட்டு, 0.45-க்கு எவ்வளவு அருகில் வருகிறீர்கள் என்று பாருங்கள்!