சீனாவின் ஏழு மணிச் செய்தியில் ஒரு ஹுய் பெண்

சீனாவில் இரவு ஏழு மணி என்றால் ‘சின்வென் லியன்போ’. 1978 ஜனவரி 1ஆம் திகதி தொடங்கிய இந்த அரைமணிநேரச் செய்தியறிக்கையைச் சி.சி.டி.வி. தயாரிக்கிறது. மாகாணத் தொலைக்காட்சிகளும் அதே நேரத்தில் அதையே ஒளிபரப்புகின்றன. எது முதற்செய்தி, எந்தத் தலைவரின் பெயர் எத்தனையாவது என்பதெல்லாம் அங்கே அரசியல். 2007இல் அந்த மேசைக்கு வந்தவர்களுள் ஒருவர் ஹை சியா. 1972இல் ஹெனான் மாகாணத்து ஜெங்ஜோவில் பிறந்தவர், ஹுய் இனத்தவர்.

ஹுய் என்றதும் ‘அப்ப எங்கட ஆளா?’ என்று நம்மவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயந்தான், பதில்தான் கொஞ்சம் சிக்கல். முஸ்லிம் பாரம்பரியமுள்ள பத்து இனங்களைச் சீன அரசு அங்கீகரித்திருக்கிறது. அவற்றுள் ஹுய் மக்கள் மட்டுமே ஒரு கோடிக்கும் அதிகம். ஆனால் அங்கே ‘ஹுய்’ என்பது அடையாள அட்டையில் பதியப்படும் இனப்பெயர். ஒருவருடைய தொழுகை, நோன்பு பற்றி அது எதையும் சொல்லாது. உய்கர்களுக்குத் தனியாக ஒரு துருக்கிய மொழியும் அரபு எழுத்தும் உண்டு. ஹுய் மக்களுக்கோ வீட்டு மொழியே சீனம்.

அந்தச் சீனம் லேசுப்பட்டதல்ல. ‘மா’ என்ற ஒரே அசையை நாலு தொனியில் சொன்னால் தாய், சணல், குதிரை, ஏசுதல் என்று நாலு பொருள் வரும். (குதிரைக்குரிய ‘மா’தான் ஹுய் மக்களிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர். முஹம்மத் என்ற பெயரின் முதலசையிலிருந்து வந்தது என்பார்கள்.) தேசிய மட்ட அறிவிப்பாளர் ஒருவர் பொதுமொழியான புதொங்ஹுவாவின் உச்சரிப்புத் தேர்வில் 100க்கு 97 புள்ளியாவது எடுக்க வேண்டும். எங்கட பிள்ளைகளுக்கு லகர ளகரம் சொல்லிக்கொடுத்தே களைத்துப்போகிற எனக்கு அந்த 97 மலைப்பாக இருக்கிறது.

ஹை சியா பீஜிங் ஒலிபரப்பு நிறுவகத்தில் படித்து 1993இல் வெளியேறி, சி.சி.டி.வி.யில் சேர்ந்தார். ஏழு மணி மேசைக்கு வரப் பதினான்கு வருடம் பிடித்தது. அங்கே வாசிப்பவருக்குச் சொந்த வார்த்தை கிடையாது. எழுதித் தந்ததைப் பிசகின்றி, முகத்தில் எதையும் காட்டாமல் வாசிப்பதே தொழில். 2019 ஜூலையில் இதில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. அதே வாசிப்பாளர்கள் கைத்தொலைபேசியில் பார்க்கும் குறுங்காணொளிகளில் தோன்றிப் பேச்சுநடையில் செய்திகளை விளக்கத் தொடங்கினார்கள். ஹை சியாவும் பேசினார். இளைஞர்கள் விரும்பிப் பார்த்தார்கள். நடை மாறியதே தவிர கருத்து அரசினுடையதுதான். பேச்சுமொழி வந்தால் சுதந்திரமும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. சீன மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டில் அவர் உறுப்பினராக இருந்தார். சிறுபான்மை இனத்தவர் வாழும் பகுதிகளில் பொதுமொழி கற்பித்தலை வலுப்படுத்த வேண்டும், வறுமை நீங்க அது உதவும் என்று அங்கே வாதிட்டார். அந்த மொழி தெரிந்தால் தொழில் கிடைக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் ஹுய் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் தன் உம்மாவின் மொழியைத்தான் கேட்கிறது. உய்கர் பிள்ளைக்கும் மங்கோலியப் பிள்ளைக்கும் அப்படியல்ல. இந்த வித்தியாசம் அந்த வாதத்தில் அடிபட்டுப்போகிறது என்பது என் எண்ணம். 2020 செப்டெம்பரில் உள் மங்கோலியாவில் மொழி, அரசியல், வரலாறு ஆகிய பாடங்களைப் படிப்படியாகச் சீன மொழிக்கு மாற்றத் தொடங்கியபோது, பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.