கயிற்றுக் கட்டிலும் கேள்வித்தாளும்

போன மாதம் மலை மந்திரில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நம் சங்க உறுப்பினர் ஒருவர் பிடித்துக்கொண்டார். மகள் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். "படிக்கிற பெண்ணை ஹரியானா கிராமத்துக்கு அனுப்பி, யார் யார் குடிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொல்கிறார்களே, இதெல்லாம் தேவையா டாக்டரம்மா?" என்றார். தில்லியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கோயில் வாசலில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பில், நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகத் தெரிந்தது. உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி. இத்தனை பேரையும் மனநல மருத்துவர்களே பார்த்துத் தீராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரும் சாதாரண டாக்டர்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்புகிறோம். எய்ம்ஸுக்கு 1965 முதல் பல்லப்கரில் கிராமத் திட்டம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 1979 முதல் இளநிலை மாணவர்களுக்கு இரண்டு மாத ஆய்வு வாய்ப்பு தருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற கேள்வித்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எட்டுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்; இருபதைத் தாண்டினால் அடிமைத்தனமா என்று பரிசோதிக்க வேண்டும். "எத்தனை கிளாஸ்?" என்று கேட்டால் கிராமத்தில் பதில் வராது. அங்கே கணக்கு பவ்வா, அத்தா. 180 மில்லி விஸ்கி பவ்வாவில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், அதாவது பத்து கிராம் அளவில் ஆறு. "ஒரே ஒரு பவ்வாதான்" என்பவர் ஆறு குடித்திருக்கிறார் என்று மாணவனுக்குத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஒரு வருஷம் கோட்டை விட்டேன். மூன்றாம் வருஷ மாணவன் ஒருவன், பெரியப்பாவும் அண்ணனும் ஹுக்கா பிடித்துக்கொண்டிருந்த முற்றத்தில், கயிற்றுக் கட்டிலில் இருந்த இளைஞனிடம், குடிப்பீர்களா என்று நேராகக் கேட்டான். இல்லை என்றார். பூஜ்யம் போட்டான். வெளியே வருகையில், முக்காடு போட்ட மனைவி கதவோரம் நின்று, "தினமும்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். பையன் பூஜ்யத்தை அடித்துத் திருத்தப் போனான். தடுத்தேன். சம்மதம் தந்தவர் அவர். அவர் வாயால் சொன்னதைத்தான் எழுதலாம். தவிர, மனைவி சொன்னது அவர் காதுக்குப் போனால் அடி யாருக்கு? அன்றிரவு பஸ்ஸில் பையன் வாயே திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். மதிப்பெண் போட மூன்று மணி நேரம் சொல்லித் தந்தவள், எங்கே உட்கார்ந்து கேட்பது என்பதற்கு அரை மணிகூடத் தரவில்லை. அடுத்த வருஷம் முதல் இரண்டு நாள் வெறுங்கையோடு அனுப்பினேன். மூன்றாம் நாள்தான் கேள்வித்தாள். அதுவும் தனியே, வயல் வரப்பிலோ மோட்டார் கொட்டகையிலோ.

நம் பக்கத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் நடத்தச் செய்தார். அங்கே குடும்பத்தாரையும் சேர்த்தே நடத்துவார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நண்பர் குரலைத் தாழ்த்தினார். மச்சினர் பல வருஷமாகத் தினம் குடிக்கிறாராம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று சாமி படத்தின் முன் சத்தியம் செய்திருக்கிறாராம். வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள் என்றேன். அவ்வளவு குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், முதல் இரண்டு நாளில் வலிப்பு, பிறகு புத்தி தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்து. மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்த வேண்டும். கிராமத்து மாணவர்களிடமும் "இன்றே விடுங்கள்" என்று யாருக்கும் புத்தி சொல்லாதே, மருத்துவமனைக்கு அழைத்து வா என்றுதான் சொல்வோம்.

அரசின் இலவச உதவி எண் 14446. நண்பர் அதைக் கோயில் அர்ச்சனைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார். மகளுக்கு ஒரு தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்பச் சொன்னேன். பல்லப்கர் வெயில் பொல்லாதது.