நோயெதிர்ப்பாற்றலும் வறுமையும்: தென்னாபிரிக்க விவாதம் பற்றிய சில குறிப்புகள்

எச்.ஐ.வி. தொற்றுக்குள்ளானோரின் நோயெதிர்ப்பாற்றலை நிர்ணயிக்கும் காரணிகள் யாவை என்னும் வினா, தாபோ எம்பெக்கி தென்னாபிரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் (1999 - 2008) அரசியல் வினாவாகவே எழுந்தது. முற்போக்காளர் அதனை நுணுகி நோக்குதல் அவசியமாகும். ஏனெனில், அங்குத் தவறிழைத்த தரப்பு நமக்குப் பழக்கமான மொழியிலேயே பேசிற்று.

முதலில் உடலியல் அடிப்படையை நோக்குவோம். உடலின் எதிர்ப்புச் செயல்களை ஒருங்கிணைக்கும் சி.டி.4 கலங்களையே இவ்வைரசு அழிக்கின்றது. உடல்நலமுள்ளோரின் குருதியில், ஒரு கன மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இக்கலங்கள் காணப்படும். சிகிச்சையின்றேல் அவை படிப்படியாகக் குறையும். 200க்குக் கீழே வீழ்ந்தால் எயிட்ஸ் நிலை எனக் கொள்வர். வைரசின் பெருக்கத்தைத் தடுக்கும் கூட்டு மருந்துகளை எவ்வளவு விரைவிலே தொடங்குகின்றனர், இடைவிடாது உட்கொள்கின்றனரா என்பனவே தலையாய காரணிகளாம். மருந்தை இடையிடையே நிறுத்துவது மரண அபாயத்தைக் கூட்டுமென 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு காட்டிற்று. எண்ணிக்கை 500க்கு மேலிருக்கும்போதே சிகிச்சை தொடங்கியோரிடம் கடும் நோயும் மரணமும் பாதிக்கு மேல் குறைந்தமையை 2015இன் ஸ்ரார்ட் ஆய்வு நிறுவிற்று.

காசநோய், போசாக்கின்மை, முதுமை ஆகியன அடுத்து வருவன. இங்குத் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் நிலை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஆண்களைக் குடும்பத்தினின்றும் பிரித்து விடுதிகளில் அடைத்த தொழிலாளர் முறை தொற்றுப் பரவ வழிசெய்தது. சுரங்கத்தின் சிலிக்காத் தூசு நுரையீரலைப் பழுதாக்கிற்று. இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேருமிடத்து, காசநோய் அபாயம் கூட்டற் கணக்கிலன்றிப் பெருக்கற் கணக்கிலேயே உயர்கின்றதென 2000இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

ஆகவே, 2000 ஜூலையில் டேர்பன் மாநாட்டில் எம்பெக்கி வறுமையைச் சுட்டிக்காட்டி, எல்லாவற்றையும் ஒரு வைரசின்மீது சுமத்தலாகாது என வாதிட்டபோது, அக்கூற்றில் உண்மையின் ஒரு கூறு இருந்தது. அந்தக் கூறே மருந்தை மறுப்பதற்கான நியாயமாக மாற்றப்பட்டது. சுகாதார அமைச்சர் உள்ளியையும் பீற்றூட்டையும் விதந்துரைத்தார். இத்தாமதத்தால் 2000 - 2005 காலப்பகுதியில் 330,000க்கு மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டன என ஹாவார்ட் ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டனர். வைரசும் ஒரு பொருளே என்பதை மறந்த பொருள்முதல்வாதம் எத்தகையதென நாம் கேட்கலாம். வறுமை அவ்வைரசைத் தோற்றுவிப்பதில்லை. அது யாரை விரைந்து கொல்லும் என்பதையே வறுமை பெரிதும் தீர்மானிக்கின்றது.

மறுபுறம் மூலதனத்தின் பங்கினை மறைத்தலும் தவறாகும். மலிவான மருந்துகளுக்கு வழிவகுத்த சட்டத்தை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் 1998இல் தொடுத்த வழக்கில் 39 நிறுவனங்கள் தரப்பினராயின. ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கும் மேலாக விற்ற கூட்டு மருந்தினை, 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டொலருக்குத் தர முன்வந்தது. வழக்கு அவ்வாண்டு ஏப்ரிலில் மீளப்பெறப்பட்டது. சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கத்தினர் நிறுவனங்களையும் தம் அரசையும் ஒருங்கே எதிர்த்தமையே அவர்தம் சிறப்பு. தாய்மாரிடமிருந்து குழந்தைகளுக்குத் தொற்றுவதைத் தடுக்கும் மருந்தை வழங்குமாறு 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (அவ்வியக்கத்தின் தலைவர் சாக்கி அக்மட், ஏழைகளுக்குக் கிட்டாத மருந்தைத் தாம் உட்கொள்ளேன் என 2003 வரை மறுத்தமையும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.)

பொதுச் சிகிச்சைத் திட்டம் 2004இல் தொடங்கிற்று. ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் மருந்து பெறும் அத்திட்டம் உலகிலேயே மிகப் பெரியதாக வளர்ந்தது. எனினும், 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் உதவிநிதியை இடைநிறுத்தியபோது, அந்நிதியில் இயங்கிய சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றில் மருந்து பெற்று வந்தோர் வேறிடம் தேடி அலைய நேர்ந்தது.