பத்து நிமிஷத்துல மறந்துபோறவங்களுக்கு கொரோனாவை எப்படிப் புரியவைக்கறது?

2020 மார்ச் ஞாபகம் இருக்கா? யாருக்கு போன் அடிச்சாலும் முதல்ல ஒரு இருமல் சத்தம் வரும். அப்புறம் கையைக் கழுவச் சொல்லி ஒரு குரல். கொஞ்ச நாள்லயே சின்னப் பசங்களுக்குக்கூட அந்த விதிகள் எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா கேட்டதைப் பத்து நிமிஷத்துல மறந்துடற ஒருத்தருக்கு இதை எப்படிச் சொல்லித் தர்றது?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கும்னு ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கு. நம்ம வீடுகள்ல இதை "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பாங்க"னு சொல்லிக் கடந்துடறோம். உண்மையில இது முதுமையின் இயல்பு இல்லை. மூளையைப் பாதிக்கிற நோய்களால வர்ற நிலை. அந்த நோய்கள்ல அதிகமா காணப்படுறது அல்சைமர்.

எது போகுது, எது இருக்குது?

புது விஷயங்களை நினைவாகப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை அல்சைமர் ஆரம்பத்துலயே தாக்குது. நம்ம பாஷையில சொன்னா, ரேம்ல வந்தது ஹார்ட் டிஸ்க்ல சேவ் ஆகறதில்லை. அதனாலதான் 1970-ல நடந்த கல்யாணத்தை விவரமா சொல்ற பாட்டிக்கு, காலையில சாப்பிட்ட இட்லி நினைவுல இருக்காது.

ஆனா ரெண்டு விஷயம் ரொம்ப நாள் தங்குது. ஒண்ணு, கை பழகின பழக்கம். பூ கட்டறது, கோலம் போடறது மாதிரி. இன்னொண்ணு, உணர்ச்சி. "எத்தனை தடவை சொல்றது, வெளிய போகாதேன்னு!"னு நீங்க கத்தினா, காரணம் மறந்துடும். ஆனா அந்த பயமும் வருத்தமும் அவங்க மனசுலயே நிக்கும்.

அப்போ தகவலைத் திரும்பத் திரும்பச் சொல்றதுல பெரிய பலன் இல்லை. பழக்கத்தையும் சுற்றுப்புறத்தையும்தான் நாம பயன்படுத்தணும்.

வீட்டுல செய்யக்கூடியது

கை கழுவ: "போய்க் கழுவுங்க"ன்னு அனுப்பாம நீங்களும் கூடவே நின்னு கழுவுங்க. பார்த்துச் செய்யறது அவங்களுக்குச் சுலபம். வாஷ்பேசின் மேல பெரிய படம் ஒண்ணு ஒட்டுங்க.

மாஸ்க்: முதல்ல உங்க முகத்தைக் காட்டி, "பாட்டி, நான்தான்"னு பேரைச் சொல்லிட்டு அப்புறம் போடுங்க. பாதி முகம் மறைஞ்சா பெத்த பிள்ளையே அந்நியனா தெரியலாம். அவங்க மாஸ்க்கைக் கழட்டிப் போட்டா சண்டை போடாதீங்க. வீட்டுக்கு வர்றவங்களைக் குறைச்சு, நீங்க ஒழுங்கா போட்டுக்கோங்க.

வெளிய போறது: தினமும் சாயந்திரம் டீக்கடைக்கு நடந்த தாத்தாவுக்கு, ஊரடங்குல பூட்டின கதவு ஜெயில் மாதிரி. ஏன் பூட்டியிருக்குன்னு அவருக்கு நினைவுல நிக்காதே! அதே நேரத்துக்கு மொட்டை மாடியில நடை, அதே டம்ளர்ல டீ. இடம் மாறினாலும் நேரம் மாறாம பார்த்துக்கோங்க.

டிவி: நாள் முழுக்க ஓடற சாவுக் கணக்கு, காரணம் புரியாத பதற்றத்தைத்தான் தரும். நிறுத்திட்டு அவங்க காலத்துப் பாட்டு போடுங்க.

கத்துக்க வேண்டியவர் பராமரிப்பாளர்

பெரும்பாலான வீடுகள்ல இது அம்மாவோ, மருமகளோ, வயசான மனைவியோதான். அவங்க தெரிஞ்சிருக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. வயசானவங்களுக்குக் கோவிட் வந்தா காய்ச்சல், இருமல் இல்லாமலும் இருக்கலாம். திடீர்னு குழப்பம் அதிகமாகறது, வழக்கத்துக்கு மாறா தூங்கிட்டே இருக்கறது, சாப்பிடாம இருக்கறது இதெல்லாம் அறிகுறியா இருக்கலாம். டிமென்ஷியா மாசக் கணக்குல, வருஷக் கணக்குல மோசமாகும். ஒண்ணு ரெண்டு நாள்ல பெரிய மாற்றம்னா உடனே டாக்டர்கிட்ட பேசணும்.

அடுத்தது, பராமரிக்கறவருக்கே கோவிட் வந்தா? இதுக்கு ஒரே ஒரு பக்கம் முன்கூட்டியே எழுதி வைங்க: மாத்திரைகள், எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவாங்க, என்ன சாப்பிடுவாங்க, எதுக்குப் பயப்படுவாங்க. கூட யாரும் இருக்க முடியாத வார்டுல, நர்ஸுக்கு அவங்களைப் பத்திச் சொல்றது அந்தக் காகிதம்தான்.

பயிற்சியும் கிடைக்குது. உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பாளர்களுக்காக ஐசப்போர்ட்னு ஒரு பாடத்திட்டம் வச்சிருக்கு. அதுல தன்னைத் தானே கவனிச்சுக்கறதுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. இந்தியாவில் 1992-ல் கேரளத்தில் தொடங்கின ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பு குடும்பங்களுக்கு வழிகாட்டுது. மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567.

நம்ம பங்கு

இந்தப் பாடங்கள் நிறைய போன்லயும் லேப்டாப்லயும்தான் இருக்கு. அதைத் திறக்கத் தெரிஞ்சவங்க நாம, தேவைப்படறவங்க நம்ம அம்மாக்கள். கூட உட்கார்ந்து பார்த்து, தமிழ்ல எடுத்துச் சொல்லலாம். அதைவிட முக்கியம், தினமும் ஒரு மணி நேரம் தாத்தா பாட்டியை நாம பார்த்துக்கிட்டு அம்மாவைத் தூங்க விடறது. ஊரடங்கு இல்லாத இந்த நாள்லயும் அவங்களுக்கு அந்தத் தூக்கம் கிடைக்கறதில்லை. இன்னைக்கு சாயந்திரமே ஆரம்பிக்கலாமே?