மருந்துக் கணக்கு – 7: பட்டியலைப் பார்த்தீர்களா?

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேரில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வது பார்ட் டி; அதை நடத்துபவை தனியார் கம்பெனிகள். போன வாரம் இதுவரை வந்தோம்.

இந்த வாரமும் பட்டியல்தானா என்று கேட்பீர்கள். ஆமாம், பட்டியல்தான். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மருந்துப் பட்டியல் உண்டு. உங்கள் மாத்திரை அதில் இருக்கிறதா, இருந்தால் எந்தப் படியில் இருக்கிறது, எந்த மருந்துக்கடையில் வாங்கினால் என்ன விலை என்று பார்க்காமல், மாத பிரீமியத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களே அதிகம். அபலக், குரூபர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தமக்கு மிகக் குறைவாகச் செலவாகும் திட்டத்தை எடுத்திருந்த முதியவர்கள் சுமார் 12 சதவீதம்தான். பிரீமியத்தில் காட்டிய கறாரை, மருந்துக்கடையில் கைவிட்டுப் போகும் காசில் மற்றவர்கள் காட்டவில்லை.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதைத் தெரியாதவர் யார்? அதில் மெதுவாகக் கரையும் ‘இ.ஆர்.’ மாத்திரையிலேயே பல வகை. குளுகோபேஜ் எக்ஸ்.ஆரின் ஜெனரிக் மிக மலிவு. ஃபோர்டமெட், குளுமெட்ஸா ஆகியவற்றின் ஜெனரிக்கிலும் இருப்பது அதே மருந்துதான், கரையும் விதம் மட்டும் வேறு; விலையோ பல மடங்கு. மெடிகேர் இணையதளத்தில் திட்டங்களை ஒப்பிட மருந்தின் பெயரைத் தட்டினால் இவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். வேறொன்றைத் தொட்டுவிட்டால் கீழே வரும் வருடச் செலவுக் கணக்கு முழுவதும் தப்பு. அதனால் நினைவை நம்பாமல், மாத்திரை டப்பாவையே கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். லேபிளில் உள்ள பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என எல்லாம் அப்படியே ஏற வேண்டும்.

குறைந்த வருமானக்காரர்களுக்கான எக்ஸ்ட்ரா ஹெல்ப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் 2003 நவம்பர் 22 விடியற்காலையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வாரம் முழுக்க அது என்னை விடவில்லை.

மெடிகேர் 1965-இல் வந்தது. வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கு அதில் ஏறக்குறைய நாற்பது வருடம் இடமே இல்லை. அதைச் சேர்க்கும் மசோதா அன்று பிரதிநிதிகள் சபையில் அதிகாலை மூன்று மணிக்கு வாக்கெடுப்புக்கு வந்தது. வழக்கமாக அதற்குப் பதினைந்து நிமிடம். அன்று மசோதா தோற்கிற நிலையில் இருந்ததால், வாக்கெடுப்பை முடிக்காமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இழுத்தார்கள். உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பிடித்துப் பேசி, விடியும் நேரத்தில் 220-க்கு 215 என்று ஜெயிக்கவைத்தார்கள்.

பத்து வருடத்துக்கு 400 பில்லியன் டாலர் என்று பட்ஜெட்டில் வரம்பு கட்டியிருந்தார்கள். ஆரம்பத்திலேயே பணம் தராவிட்டால் ஆரோக்கியமானவர்கள் சேரமாட்டார்கள். பெரிய நோய் வந்தவரைக் கடைசியில் கைவிடவும் முடியாது. ஆகவே நடுவில் வெட்டினார்கள். 2006-இல் திட்டம் தொடங்கியபோது, மருந்துச் செலவு 2,250 டாலரைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். மொத்தம் 5,100 ஆகும்வரை முழுச் செலவும் நோயாளி தலையில். பிரீமியத்தை மட்டும் தொடர்ந்து கட்ட வேண்டும். டோனட் ஹோல் என்று ஊரெல்லாம் பேசியது இதைத்தான். வருடக் கடைசியில் மாத்திரையை உடைத்துப் பாதி போட்டவர்களும், நாள் விட்டு நாள் போட்டவர்களும் உண்டு. நோய் முற்றியவரைத்தான் அது முதலில் பிடித்தது என்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

விலையைப் பேசிக் குறைக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்றும் அதே சட்டத்தில் எழுதினார்கள். அது தளர்ந்தது 2022-இல். அதன் பலனாக 2026 ஜனவரி முதல், இன்னொரு சர்க்கரை நோய் மாத்திரையான ஜனுவியாவின் ஒரு மாத விலை 527 டாலரிலிருந்து 113-க்கு இறங்கியது. இன்சுலினுக்கு ஏற்கெனவே மாதம் 35 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது. நடுப்பள்ளமும் போய்விட்டது. 2026-இல் ஒருவர் கையிலிருந்து 2,100 டாலருக்கு மேல் போகாது. ஆனால் இந்த உச்சவரம்பு, திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மட்டும். பட்டியலுக்கு வெளியே நிற்கும் மாத்திரைக்கு நீங்கள் கொடுப்பது இந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. அதனால்தான் வாராவாரம் பட்டியல், பட்டியல் என்கிறேன். அதுவும் வருடா வருடம் மாறும். செப்டம்பர் கடைசிக்குள் கம்பெனி அனுப்பும் மாறுதல் அறிவிப்பைப் பிரிக்காமல் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளோடு இருக்கும் நம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கிரீன் கார்டோடு ஐந்து வருடம் தொடர்ந்து வசித்த, 65 வயதான பெற்றோர் மெடிகேரில் சேரலாம். “சென்னையிலிருந்து ஆறு மாசத்துக்கு மாத்திரை வந்துடுது, இது எதுக்கு?” என்று பார்ட் டியை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு தகுந்த மருந்துக் காப்பீடு இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீத அபராதம் சேரும். 36 மாதம் விட்டவர் 2026-இல் சேர்ந்தால் மாதம் 14 டாலர் கூடுதல். பார்ட் டி இருக்கும்வரை, அதாவது பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க, அது தொடரும். ஊர் மாத்திரை காப்பீடு ஆகாது.

எக்ஸ்ட்ரா ஹெல்ப், ஒவ்வொரு மாநிலத்திலும் இலவசமாக ஆலோசனை சொல்லும் ஷிப் மையங்கள் இரண்டும் அடுத்த வாரம். அடுத்த வருடத்துக்கான திட்டத்தை மாற்ற டிசம்பர் 7 வரைதான் நேரம். அதற்குள் டப்பாக்களை எடுத்து எழுதி வையுங்கள்.

(தொடரும்)